தீர்ப்பளிக்கும் ஆணையம்: நீதிபதிக்குரிய பாதுகாப்பு எங்கே?

புது தில்லி: தேர்தல் தேதியை அறிவிப்பதும் வாக்குப்பதிவை நடத்துவதும் மட்டுமே தேர்தல் ஆணையத்தின் பணி எனப் பலரும் கருதுகின்றனர். ஆனால், நீதிமன்றத்துக்கு ஒப்பான அதிகாரமும் அதற்கு உண்டு.

ஒரு கட்சி பிளவுபட்டால், சின்னம் எந்த அணிக்கு என்பதை 1968-ஆம் ஆண்டின் சின்னங்கள் ஆணைப்படி ஆணையமே முடிவு செய்கிறது. 1969-இல் காங்கிரஸ் பிளவுபட்டதையொட்டி எழுந்த வழக்கில், இந்த அதிகாரத்தை 1971-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சிவசேனையின் வில்-அம்பு சின்னம் 2023 பிப்ரவரியில் ஷிண்டே அணிக்கும், தேசியவாத காங்கிரஸின் கடிகாரச் சின்னம் 2024 பிப்ரவரியில் அஜீத் பவார் அணிக்கும் கிடைத்தது இதன்படியே.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் ஆதாயம் தரும் பதவி வகித்ததாகப் புகார் எழுந்தால், ஆணையத்தின் கருத்தின்படியே குடியரசுத் தலைவரோ ஆளுநரோ முடிவெடுக்க வேண்டும். பெயரளவில் அது கருத்து, நடைமுறையில் தீர்ப்பு. இதற்கான விசாரணையில் சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கோரவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

அந்த விசாரணை முறை தவறினால் என்ன நேரும் என்பதை 2018-இல் தில்லி கண்டது. ஆம் ஆத்மி எம்.எல்.ஏ.க்கள் 20 பேரைத் தகுதிநீக்கம் செய்ய ஆணையம் அந்த ஆண்டு ஜனவரியில் பரிந்துரைத்தது. விசாரணையிலிருந்து முன்பு விலகிய ஓர் ஆணையர், தகவல் தெரிவிக்கப்படாமலேயே மீண்டும் இணைந்திருந்தார். வாதங்களைக் கேட்காத மற்றோர் ஆணையரும் கையெழுத்திட்டிருந்தார். இயற்கை நீதி மீறப்பட்டதாகக் கூறி, மார்ச் மாதம் தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது.

இத்தகைய அதிகாரம் படைத்தவர்களை நியமிப்பது யார்? பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோர் கொண்ட குழுவின் ஆலோசனைப்படி நியமிக்க வேண்டும் என 2023 மார்ச்சில் அரசியல் சாசன அமர்வு கூறியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரையிலான ஏற்பாடு அது. அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில், தலைமை நீதிபதிக்குப் பதிலாக பிரதமர் நியமிக்கும் மத்திய அமைச்சர் இடம்பெற்றார். மூவர் குழுவில் இருவர் அரசுத் தரப்பினர்.

பதவிப் பாதுகாப்பிலும் ஏற்றத்தாழ்வு உள்ளது. தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்கும் நடைமுறையையே பின்பற்ற வேண்டும். மற்ற இரு ஆணையர்களை நீக்கத் தலைமை ஆணையரின் பரிந்துரை போதும். ஆனால், தீர்ப்பில் மூவருக்கும் சம வாக்கு.

சின்னத்தை இழந்த அணியும் பதவியை இழந்த உறுப்பினரும் முடிவை மனமார ஏற்க வேண்டுமானால், தீர்ப்பளிப்பவரின் நியமனம் ஆளும் தரப்பின் விருப்பத்தை மட்டும் சார்ந்ததாக இருக்கக் கூடாது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் விடை தராமல் விட்ட கேள்வி இதுவே.