முந்திரித் தோப்பில் இறங்கும் மழை

சிதம்பரம் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம் மாவட்டத்தில் எரிமலை இல்லை, பெரிய மலைகூட இல்லை. புவித்தட்டுகள் நகர்வதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

புவித்தட்டுகள் அசைந்ததால் வந்த 2004 சுனாமியை நாம் மறக்கவில்லை. நான் சொல்ல வருவது அதைவிட மிகப் பழைய கதை.

விருத்தாசலத்துக்கு மேற்கே போகப் போகக் கருங்கல் தரையிலேயே தலைகாட்டும். சிதம்பரத்திலோ அதைத் தொட கிலோமீட்டர் கணக்கில் இறங்க வேண்டும். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது நம் கரை இழுபட்டு உடைந்தது. அலமாரியில் நெருக்கி அடுக்கிய புத்தகங்களில் இரண்டை உருவினால் மற்றவை சாய்ந்து சரியும் அல்லவா? பாறைகளும் அப்படித்தான் இறங்கின. அந்தப் பள்ளமே காவிரிப் படுகை. மணலும் களியும் அதை நிரப்பின. புதைந்த காடுகள் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி ஆயின. அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மரத்தின் ரேகை அப்படியே இருந்தது.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் போர் போட்டபோது வெளிப்பட்டது இந்தக் கரிதான். ஆனால் என்னை அதிகம் வியக்கவைப்பது கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர். பள்ளம் கடல் பக்கமாகத் தாழ்ந்துகொண்டே வந்ததால் அங்குள்ள மணல் அடுக்கும் அப்படியே சரிந்து கிடக்கிறது. அதன் மேல்முனை வடமேற்கே முந்திரித் தோப்புகளின் செம்மண்ணில் திறந்திருக்கிறது. அங்கே பெய்யும் மழை உள்ளே இறங்குகிறது; கீழே கரியும் களியும் அதை மூடி போட்டு அடைத்து வைக்கின்றன. எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கீழ்க்குழாயில் சீறுவதும் இதே கணக்குதான். முன்பெல்லாம் இந்தப் பக்கம் போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வரும். ஆர்ட்டீசியன் ஊற்று என்பது இதுவே.

அந்த அழுத்தம் நெய்வேலிச் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும் என்பதால் இரவும் பகலும் தண்ணீரை இறைத்தாக வேண்டியிருக்கிறது. விவசாயத்துக்கும் இறைக்கிறோம். தானாகப் பொங்கிய இடங்களில் இன்று மோட்டாரை ஆழத்தில் இறக்குகிறோம். எடுப்பதற்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட நிரப்புவதற்குக் காட்டவில்லை.

கண்டங்கள் பிரிந்ததில் நமக்குப் பங்கில்லை. ஆனால் அந்தச் செம்மண் மேட்டின் ஏரிகளும் வரத்து வாய்க்கால்களும் நம் பொறுப்பு. தூர்ந்த வாய்க்காலை ஐப்பசிக்கு முன் வெட்டிவிட்டால், பூமி சாய்த்து வைத்த அந்தப் பாதையில் மழை தானே இறங்கிக்கொள்ளும்.