நான் ஆபீஸில், அடுப்பு அவர்கள் கையில்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். வீட்டுப் பின்கட்டில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் தயாராகின்றன. மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஆறரை ஆகிவிடும். அடுப்பு எரிகிற நேரம் முழுக்க நான் அங்கே இல்லை. சைடு பிசினஸ் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் முதலீடு எவ்வளவு, லேபிள் எங்கே அடித்தீர்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். வேலையாட்களிடம் எப்படிப் பேசுகிறேன் என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுவேன். என் தொழில் நிற்பது அதில்தான்.

குஜராத் அரசின் சுரங்கத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே, 1969-இல் அகமதாபாத்தில் சலவைத்தூள் செய்து விற்கத் தொடங்கினார் கர்சன்பாய் படேல். அதுதான் நிர்மா. வீட்டில் தானே கலந்து, தானே சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அந்தக் கட்டத்தில் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு இன்னொருவரை வைத்துவிட்டால், கைக்குத் தெரிந்ததை வாயால் சொல்லியாக வேண்டும். அது தனி வேலை.

உளுந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பொன்னிறமாக வறுங்கள்' என்றால் ஆளுக்கு ஒரு பொன்னிறம். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நிறம், டியூப்லைட்டில் வேறு நிறம். அதனால் சரியான பதத்தில் வறுத்த உளுந்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு அடுப்பு மேடையிலேயே வைத்திருக்கிறோம். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, பாட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் சட்டியை இறக்குவார்கள். 'ஆறின பிறகு பாக்கெட் போடுங்க' என்பதும் போதாது. புறங்கையை வைத்தால் சூடே தெரியக்கூடாது என்பது எங்கள் கணக்கு. சூட்டோடு அடைத்தால் பாக்கெட்டுக்குள் வேர்த்து, பொடி கட்டிதட்டி, சீக்கிரம் கெட்டுப்போகும். இந்தக் காரணத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். அதனால்தான் ஈரக்காற்று அடிக்கிற நாட்களில் பொடியை அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வைக்கிற வழக்கத்தை அவர்களே கொண்டுவந்தார்கள்.

மூவரில் ஒருவருக்கு எழுத்து தெரியாது. ஆகவே எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ்தான். ஒன்றில் ஒரு விஷயம் மட்டும். "புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை, கேட்டால் யாரும் தலையாட்டிவிடுவார்கள். "எப்படிச் செய்யப் போறீங்க?" என்று கேட்பேன். பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

போன ஆவணியில் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர். மதிய இடைவேளையில் மூத்த அக்கா போன் செய்தார்.

"எள்ளு சிக்கு வாடை அடிக்கும்மா. மூட்டையப் பிரிச்சதுமே தெரிஞ்சுட்டு."

"அப்படியே நிறுத்திருங்கக்கா. கடைக்காரர்ட்ட நான் பேசுதேன்."

கல்யாண வீட்டாருக்கும் அப்போதே போன் செய்து, ஒரு நாள் தாமதமாகும், காரணம் இது என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் மற்ற இருவருக்கும் அந்த எள்ளை முகரக் கொடுக்கும்படி அக்காவிடம் சொன்னேன். அக்கா நல்ல எள்ளையும் பக்கத்தில் வைத்து அழகாக விளக்கினார். வேலை நின்ற அந்த அரை நாளுக்கும் மூவருக்கும் முழுக் கூலி. அதில் நான் உறுதியாக இருக்கிறேன். கெட்ட செய்தி சொன்னவரின் கூலியில் கை வைத்தால் அடுத்த மூட்டை சத்தமில்லாமல் சட்டிக்குள் போய்விடும். ஆர்டர் குறையும் வாரங்களையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கும் சீட்டுப் பணம், பள்ளிக் கட்டணம் என்று கணக்கு இருக்கிறது.

சட்டப்படி செய்ய வேண்டியவை அதிகமில்லை. வேலை செய்யும் நிறுவனத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். தமிழக அரசு ஊழியர்களை 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அனுமதி இல்லாமல் வியாபாரத்தில் இறங்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு கட்டாயம். அந்த 14 இலக்க எண் பாக்கெட்டில் இருக்க வேண்டும். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பொடியில் வரும் லாபத்தையும் சம்பளத்தோடு சேர்த்து வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

அடுத்த மாதம் நான்காவதாக ஒருவர் சேர்கிறார். அவருக்கு வேலை பழக்கும் பொறுப்பை மூத்த அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார். அதற்காக அவர் கேட்ட கூலி உயர்வைப் போன சனிக்கிழமையே கொடுத்துவிட்டேன்.