பாதியில் நின்றுபோன வெள்ளையணுக்கள்

நம் எலும்பு மஜ்ஜை தினமும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. கிருமி நுழைந்தால் முதலில் ஓடிவரும் வெள்ளையணுக்கள் இவை. ஆயுள் ரொம்பக் குறைவு, அதனால்தான் இவ்வளவு உற்பத்தி. ஸ்டெம் செல்லில் தொடங்கி மையலோபிளாஸ்ட், புரோமையலோசைட், மையலோசைட் என்று படிப்படியாக முதிர்ந்துதான் ஒரு நியூட்ரோஃபில் வெளியே வருகிறது. முதிர முதிர, பிரிந்து பெருகும் சக்தி குறைந்துகொண்டே போகும். முழுதாக முதிர்ந்த செல் பிரியவே பிரியாது. வேலையைச் செய்துவிட்டுச் செத்துப்போகும்.

சரி, நடுப்படி ஒன்றில் செல் மாட்டிக்கொண்டால்? முதிராது, சாகாது, பெருகிக்கொண்டே இருக்கும். புரோமையலோசைட் படியில் இப்படி நின்றுபோவதுதான் அக்யூட் புரோமையலோசைடிக் லுக்கேமியா, சுருக்கமாக ஏபிஎல். 1957-ல் நார்வே மருத்துவர் ஹில்லெஸ்டாட் இதைத் தனி நோயாக விவரித்தபோது, சில வாரங்களிலேயே ரத்தக்கசிவில் உயிரைப் பறிக்கும் நோயாகத்தான் அது இருந்தது. இன்று லுக்கேமியாக்களில் நன்றாகக் குணமாகிறவற்றில் இதுவும் ஒன்று. எப்படி இந்த மாற்றம் வந்தது என்று தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் கீழே.

1977-ல் சிகாகோவில் ஜேனட் ரௌலி குழு, இந்த நோயாளிகளின் செல்களில் 15-வது, 17-வது குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதைக் கண்டது. உடைந்த இடத்தில் இருந்த ஜீன்கள் எவை என்று தெரிய 1990 ஆகிவிட்டது. 17-ல் இருப்பது ரெட்டினோயிக் அமில ஏற்பிக்கான ஜீன். வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் தயாரிக்கும் ரெட்டினோயிக் அமிலம் வந்து ஒட்டினால், செல்லை முதிரவைக்கும் ஜீன்களை இந்த ஏற்பி திறந்துவிடும், ஒட்டாதபோது மூடிவைக்கும். 15-ல் இருப்பது பிஎம்எல் என்ற ஜீன். இரண்டும் ஒட்டிக்கொண்டதில் ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. (எங்கள் தொழிலில் சொல்வதென்றால், இரண்டு ஃபைல்களைத் தப்பாக மெர்ஜ் செய்தும் கம்பைல் ஆகிவிடுகிற கேஸ். எர்ரர் வந்திருந்தால் பரவாயில்லை; ஓடுவதுதான் ஆபத்து.) இந்தப் புரதம் அந்த ஜீன்களை இறுக்கி மூடிக்கொள்கிறது. உடலில் வழக்கமாக இருக்கும் அளவு ரெட்டினோயிக் அமிலத்துக்கெல்லாம் அசைந்துகொடுக்காது.

அளவைக் கூட்டினால் அசையும். வேடிக்கை என்னவென்றால், இந்த விளக்கம் கிடைப்பதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. ஷாங்காய் ருய்ஜின் மருத்துவமனையில் வாங் ஜென்யி 1985-ல் ஓர் ஐந்து வயதுச் சிறுமிக்கு ஆல்-டிரான்ஸ் ரெட்டினோயிக் அமிலத்தை, அதாவது அட்ராவை, வாய்வழியாகக் கொடுத்தார். 1988-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். அத்தனை பேருக்கும் நோய் அடங்கியது. ஒருவருக்கு மட்டும் வேறொரு மருந்தும் சேர்க்க வேண்டியிருந்தது.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்னத் தகவல். ஏபிஎல் செல்களுக்குள் ஆவர் தண்டுகள் என்று ஊசி மாதிரி சில தெரியும். நோய்ச்செல்லின் அடையாளம் அது. சிகிச்சை நடக்கும்போது, முதிர்ந்த வெள்ளையணுக்களுக்குள்ளும் அந்தத் தண்டுகள் தெரிந்தன! அப்படியென்றால் மருந்து நோய்ச்செல்லை நேரடியாகக் கொல்லவில்லை. அதே செல்தான் வளர்ந்து ஆளாகி, தன் காலம் முடிந்து செத்திருக்கிறது.

ஆனால் அட்ராவை மட்டும் கொடுத்தால் பலருக்குச் சில மாதங்களில் நோய் திரும்பியது. கீமோதெரபி சேர்த்தார்கள். அடுத்த திருப்பம் ஹார்பின் நகரத்திலிருந்து வந்தது: ஆர்சனிக் டிரையாக்சைடு, நம் ஊர் வெள்ளைப் பாஷாணம். 1970-களில் ஜாங் டிங்டாங் குழு ஒரு நாட்டு மருந்துக் கலவையைப் பிரித்துப் பார்த்து, அதில் வேலை செய்வது இதுதான் என்று கண்டது. அட்ரா கலப்புப் புரதத்தின் ஏற்பி முனையைப் பிடிக்கிறது, ஆர்சனிக் பிஎம்எல் முனையைப் பிடிக்கிறது. பிடிபட்ட புரதத்தை செல்லே சிதைத்துவிடுகிறது.

வேலூர் சிஎம்சி 1998 முதல் 2004 வரை 72 பேருக்குப் பெரும்பாலும் ஆர்சனிக்கை மட்டுமே நம்பிச் சிகிச்சை தந்தது. சுமார் 86 சதவீதம் பேருக்கு நோய் முழுதாக அடங்கியது. கீமோவும் அட்ராவும் சேர்ந்த சிகிச்சையின் செலவைத் தாங்க முடியாதவர்கள் நிறைந்த நாட்டில் இது சாதாரண விஷயமில்லை. பிறகு 2013-ல் இத்தாலியின் லோ-கோக்கோ குழு, அபாயம் குறைந்த நோயாளிகளுக்கு கீமோவே இல்லாமல் அட்ராவும் ஆர்சனிக்கும் மட்டும் கொடுத்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு கேரட் ஜூஸ், பாஷாணம் சேர்த்த சூரணம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஆர்சனிக்கை ரத்தநாளம் வழியாக, அடிக்கடி ஈசிஜி எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் ஏற்றுகிறார்கள். ஒரேயடியாக முதிரும் செல்கள் நுரையீரலுக்குள் புகுந்து மூச்சுத்திணறலும் வரலாம். மற்ற லுக்கேமியாக்களில் செல் நின்றுபோவதற்குக் காரணமே வேறு. இந்த ஜோடியை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை.

இன்றும் ஏபிஎல்லில் இறப்பவர்களில் பலர் முதல் சில வாரங்களிலேயே ரத்தக்கசிவில் போய்விடுகிறார்கள். அதனால்தான் ஜீன் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல், ஸ்மியரைப் பார்த்துச் சந்தேகம் வந்த உடனேயே அட்ராவைத் தொடங்கிவிடுகிறார்கள். ஈறில் நிற்காத ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத் திட்டு, கூடவே காய்ச்சல் என்றால் நம் ஊரில் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். டெங்குவாகவே இருக்கட்டும், அன்றைக்கே டாக்டரைப் பார்த்து சிபிசியோடு ஸ்மியரும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மெஷின் எண்ணிக்கைதான் தரும். பாதியில் நின்ற செல்லை மைக்ராஸ்கோப்பில் ஒருவர் கண்ணால் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.