பழைய சுழல்மேடை வாங்குவோர்க்கு

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் பரண்மேல் இசைத்தட்டுகள் இன்னும் உறங்குகின்றன. அவற்றைப் பாடவைக்கப் பழைய சுழல்மேடை தேடும் அன்பர்களுக்கு என் அனுபவம் பயன்படுமென நம்புகிறேன்.

என் பாட்டனார் மாதுங்காவில் வாங்கி, தந்தையார் காத்துவைத்தது, 1963-இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் சுப்ரபாதத் தட்டு. தந்தையார் மறைந்தபின் அதைக் கேட்க அன்னையார் விரும்பினார். குமாஸ்தாச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டி ஒன்றை வாங்கினேன். முள்ளை வைத்ததும் குரல் கனத்துத் தளர்ந்து ஒலித்தது. “தட்டே கெட்டுவிட்டதடா” என்று அன்னையார் கண்கலங்கினார்.

கெட்டது தட்டன்று. அந்நாட்டு மின்சாரம் விநாடிக்கு 60 சுற்று, நம்முடையது 50. டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைக் குறைக்குமேயன்றிச் சுற்றை மாற்றாது. ஆகவே நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலவேண்டிய தட்டு 28 முறைகூடச் சுழலவில்லை; சுருதி ஏறக்குறைய மூன்று சுரத்தானம் இறங்கிவிட்டது.

சுழல்மேடைகள் மூவகை. 1954-இல் இங்கிலாந்தில் வந்த காரர்டு 301 இரப்பர்ச் சக்கரத்தால் சுழல்வது. 78 வேகமும் உண்டு. இரப்பர் இறுகினால் உறுமல் கேட்கும். 1965-இல் வந்த தோரன்ஸ் டிடி 150 இரப்பர் வாரால் சுழல்வது. வார் மோட்டாரின் நடுக்கத்தைத் தடுப்பதால் ஒலி அமைதியாயிருக்கும். தளர்ந்த வாரை மாற்றுவது எளிது. ஆனால் 78 இல்லை. 1972-இல் ஜப்பானில் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல் 1200-இல் மோட்டாரே தட்டத்தைச் சுழற்றும். அதன் வேகம் மின்சாரச் சுற்றைச் சார்ந்ததன்று. அதிலும் 78 இல்லை.

எனவே பழைய 78 தட்டுகள் உடையோர் முதல்வகையை நாடுக. அத்தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குத் தனி முள் வேண்டும். நீண்டநேரத் தட்டுகள் மட்டும் உடையோர்க்கு மற்ற இரண்டும் நன்று. எதை வாங்கினும் 50 சுற்றுக்கு ஏற்றதா எனக் கேளுங்கள். முள்ளைப் புதிதாக மாற்றுங்கள். தேய்ந்த முள் தட்டையே அழிக்கும்.

என் பெட்டிக்கு 50 சுற்றுக்குரிய சிறு கப்பி ஒன்று மாற்றியதே போதுமானதாயிற்று. மறுநாள் விடியலில் தட்டு பழைய சுருதியில் பாடியது. அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. தந்தையார் படத்தின்முன் விளக்கேற்றிவிட்டு, முடியும்வரை அங்கேயே அமர்ந்திருந்தார்.