படியிறங்கிப் போகும் வீடுகள்

புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டும் கொத்தனாரிடம் 'பேஸ்மெண்ட்' என்று சொல்லிப் பாருங்கள். தரைக்குக் கீழே தோண்டிய அறை அவர் நினைவுக்கு வராது. கடைக்காலுக்கு மேலே மண் நிரப்பி எழுப்பும் மேடைக்குத்தான் அந்தப் பெயர். "பேஸ்மெண்ட் மூணடி போட்டுருவோமா?" என்பார். வேறு நாடுகளில் பள்ளத்தைக் குறிக்கும் சொல், நம்மூருக்கு வந்ததும் மேட்டைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், தரையை உயர்த்துவதுதான் கட்டடத்தின் முதல் வேலை என்று அறிந்திருந்தார்கள்.

திருமயம் வட்டத்து ராயவரத்திலும் கோனாப்பட்டிலும் உள்ள நகரத்தார் வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆள் உயரத்துக்குக்கூடப் படியேறித்தான் உள்ளே போக வேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டபோது வெளியேறிய முன்னோரின் நினைவுதான் அந்த உயரம் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. அதன் சரித்திரம் எப்படியோ, கட்டுமானம் கச்சிதமானது. கூரையின் ஒரு பகுதி உள்முகமாகச் சரிந்து மழையை முற்றத்தில் இறக்கும். முற்றத்துத் தூம்பு வழியாகத் தண்ணீர் தெருவுக்குப் போகும், தெருவிலிருந்து ஊருணிக்குப் போகும். வீட்டுத் தரையைவிட முற்றம் தாழ்வு, முற்றத்தைவிடத் தெரு தாழ்வு, தெருவைவிட ஊருணி தாழ்வு. இந்த நான்கு மட்டங்களும் அதே வரிசையில் இருக்கும்வரை மோட்டாரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

புதுக்கோட்டை நகரமும் மட்டம் பார்த்துப் போட்ட ஊர்தான். 1812இல் தீப்பிடித்துப் பழைய ஊர் எரிந்தபின், தொண்டைமான் மன்னர் விஜய ரகுநாத ராயர் காலத்தில், பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பிளாக்பர்ன் ஆலோசனையோடு நேர்நேரான அகன்ற வீதிகள் அமைந்தன. ராஜ வீதிகளுக்கு வெளியே இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று எண் போட்டு எண்ணும் ஒழுங்கு இன்றும் இருக்கிறது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரி, பல்லவன் குளம், புதுக்குளம் போன்ற நீர்நிலைகளைச் சீர்படுத்தினார். வீதியில் விழும் நீர் வீதியிலேயே நிற்காமல் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

பிறகு தார் வந்தது. சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதிய தாரைக் கொட்டினால் ஒன்றரை, இரண்டு அங்குலம் கூடும். பத்து முறை போட்டால் ஒன்றேகால் அடிக்குக் குறையாது. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, தெரு மட்டும் மெல்ல எழுந்து வரும். படியேறிப் போன வீட்டுக்கு ஒருநாள் படியிறங்கிப் போகிறோம். யாரும் கடப்பாரை எடுத்துத் தோண்டாமலே அந்த வீட்டின் கூடம் நிலவறை ஆகிவிடுகிறது. முற்றத்துத் தூம்பின் வெளிவாய் இப்போது தெருவுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீருக்கு உள்வழி, வெளிவழி என்ற பேதம் தெரியாது, மட்டம் மட்டுமே தெரியும். எந்தத் துளை வழியாக நூறு வருடம் மழை வெளியே போனதோ, அதே துளை வழியாகத் தெருத்தண்ணீர் முற்றத்துக்கு வந்து சேருகிறது.

இதைத் தடுக்கும் வழி மிக எளியது: பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே கனத்துக்குப் புதிய தார் போட வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதை அறிவுறுத்தி அதிகாரிகளுக்கு எழுதினார். உங்கள் தெருவில் சாலை போட வரும்போது வாசலில் நின்று இதைக் கேளுங்கள். சண்டை போட வேண்டியிருந்தால் போடுங்கள். வீட்டைக் காக்க இதைவிட மலிவான வேலை வேறில்லை.

உலகத்தில் இதற்கு வேடிக்கையான ஜோடி ஊர்கள் உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் 1889இல் தீக்கிரையானது. புதுக்கோட்டையைப் போலவே தீக்குப் பின் தெருக்களைத் திருத்தினார்கள், ஆனால் வீதிகளை ஒரு மாடி உயரத்துக்கும் மேலே தூக்கிவிட்டார்கள். நேற்றுவரை தரைத்தளமாக இருந்த கடைகள் நிலத்தடிக்குப் போயின. அந்தப் பாதாளக் கடைத்தெருவை இன்றும் சுற்றிப் பார்க்கலாம். சிகாகோவில் எதிர்வழி. வடிகாலுக்காகத் தெருவை உயர்த்தியபோது கட்டடங்களையும் கூடவே உயர்த்தினார்கள். 1860இல் லேக் தெருவில் ஒரு கடைவரிசை முழுவதையும் ஆயிரக்கணக்கான திருகு ஜாக்கிகளை வைத்து ஒன்றாகத் தூக்கினார்கள், உள்ளே வியாபாரம் நிற்கவில்லை. இன்று சென்னையில் வீடுகளை ஜாக்கி வைத்து உயர்த்துகிறார்களே, அதே வித்தைதான்.

மேலிருந்து வரும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். கீழிருந்து வருவதுதான் ஆளை ஏமாற்றும். தெரு காய்ந்து கிடக்க, உள்ளே தரையின் மூலைகளில் ஊறி நிற்கும். அடைமழைக்குப் பின் நிலத்தடி நீர்மட்டம் ஏறி, அறையின் தரையைத் தாண்டி நிற்பதே காரணம். பத்துக்குப் பத்தடி நிலவறையின் தரையைவிட மூன்றடி உயரத்தில் வெளியே நீர்மட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தரையைத் தண்ணீர் கீழிருந்து சுமார் எட்டரை டன் விசையோடு தூக்குகிறது. நாலங்குலக் கான்கிரீட் தளத்தின் எடையோ இரண்டேகால் டன்தான். தளம் ஏன் வெடிக்கிறது என்று சிமென்ட்டைத் திட்டுவதில் பயனில்லை. மேலும் மேலும் பூசி அடைப்பதைவிட, சுவரோரம் சல்லி நிரப்பிய சிறு வாய்க்கால் எடுத்து, மூலையில் ஒரு குழி தோண்டி, நீர் ஏறினால் தானே ஓடும் மிதவை மோட்டார் வைப்பது நல்லது. வருகிற தண்ணீருக்கு ஒரு வழி கொடுத்தால் அழுத்தம் சேராது.

தண்ணீர் உள்ளே வரும் மூன்றாவது வழி இன்னும் நுட்பம். செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் தலைமுடியைவிட மெல்லிய துளைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றில் நீர் ஏறும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம். நூற்றில் ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் கணக்குப்படி ஒன்றரை மீட்டர் வரை ஏற முடியும். நம் பழைய சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை வழியிலேயே ஆவியாக வெளியே விட்டுவிடும். சுவர் ஓதம் காக்கிறதே என்று அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரத்துக்கு மூச்சுவிட இடமில்லை. அது இன்னும் மேலே ஏறி, உப்புப் பூத்து, பூச்சைப் பொரிந்து விழச் செய்யும். பழைய வீட்டுக்காரர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகளில் இதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அருமையான சட்டம். ஆனால் நிலவறை உள்ள கட்டடத்தில் அந்த உறிஞ்சு குழியைச் சுவரை ஒட்டித் தோண்டினால், கூரையின் மழை முழுவதையும் நாமே நிலவறைக்கு அனுப்புகிறோம். இடம் இருந்தால் தள்ளித் தோண்டுங்கள், பழைய கிணறு இருந்தால் அதில் விடுங்கள். கீழ்த்தளத்தில் கழிப்பறை இருந்தால், சாக்கடை நிரம்பும்போது கோப்பை வழியாகவே திரும்பி வரும். வெளியேறும் குழாயில் ஒரு 'நான் ரிட்டர்ன் வால்வு' போதும்.

தண்ணீர் வரத் தொடங்கிவிட்டால் சாமானைக் காப்பாற்றக் கீழே இறங்காதீர்கள். மூன்றடி அகலக் கதவின் பின்னால் இரண்டடித் தண்ணீர் நின்றால், அது கதவை ஏறத்தாழ 170 கிலோ கனத்தோடு அழுத்தும். மூன்றடி நின்றால் 380 கிலோவைத் தாண்டும். ஆழம் ஒன்றரை மடங்கு ஆனால் அழுத்தம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, தனி ஆளால் திறக்க முடியாது. 2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜிந்தர் நகரில், பயிற்சி மையம் ஒன்றின் நிலவறை நூலகத்தில் வெள்ளம் புகுந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். படிக்கப் போன பிள்ளைகள். மின்பலகையை மேல்தளத்துக்கு மாற்றுங்கள். நீரில் கால் வைக்கும் முன் மேலிருந்தே மெயினை அணையுங்கள்.

மழை விட்டதும் எல்லோருக்கும் உடனே இறைத்துத் தீர்க்க வேண்டும் என்ற அவசரம். சித்தன்னவாசலில் நாவற்சுனை என்றொரு சுனை இருக்கிறது. அதன் நீருக்கடியில் பாறையில் குடைந்த சிறு சிவன் கோயில், ஜம்புநாதர். தண்ணீரை முழுவதும் இறைத்தால்தான் கண்ணில் படுவார். அங்கே எவ்வளவு வேகமாக இறைத்தாலும் ஒன்றும் ஆகாது, சுற்றிலும் ஒரே பாறை. நம் நிலவறைச் சுவருக்கு வெளியே இருப்பதோ ஊறிய மண். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அந்த மண்ணின் அழுத்தத்துக்கு எதிராகச் சுவருக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டென்று எடுத்துவிட்டால் சுவர் உள்பக்கம் சரியும். ஓரடி இறைத்துவிட்டுச் சுவரில் கோடு போடுங்கள். மறுநாள் காலை தண்ணீர் மீண்டும் கோட்டைத் தாண்டியிருந்தால் வெளிமண் இன்னும் வடியவில்லை, காத்திருங்கள். கொல்லையில் கிணறு இருந்தால் இன்னும் சுலபம். முதலில் அதை எட்டிப் பாருங்கள். கிணற்றுத் தண்ணீர் நிலவறைத் தரைக்குக் கீழே இறங்கிய பிறகு மோட்டாரைப் போடலாம்.