குளிர்ந்த மலையும் நமது கடமையும்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் சமவெளியில் வாழும் குடும்பங்கள் பல, குளிர்ந்த மலைநகரங்களை நாடிச் செல்கின்றன. நம் நாட்டில் அத்தகைய இடங்களுள் பெரிதும் பெயர் பெற்றது கேமரன் மலை. நாமும் நம் பிள்ளைகளும் கண்டு மகிழ வேண்டிய இடம் அது. அதே வேளையில், அம்மலை இன்று எதிர்நோக்கும் இடர்களையும் நாம் அறிந்திருத்தல் நலம்.

பகாங் மாநிலத்தைச் சேர்ந்த இம்மலைப் பகுதியை 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு வழங்கலாயிற்று. 1925ஆம் ஆண்டில் இங்கு வந்த சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல், இதனை மலைவாசத்தலமாக்கலாம் எனக் கண்டார். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். செங்குத்தான சரிவுகளில் தேயிலை பயிரிட்டுக் கொழுந்து கொய்தவர்களுள் நம் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். இன்று விருந்தினர் வியந்து படமெடுக்கும் பச்சைச் சரிவுகளில் அவர்களது வியர்வையும் கலந்திருக்கிறது.

மலை ஏன் குளிர்கிறது? ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறு பாகை செல்சியஸ் வீதம் வெப்பம் குறைகிறது. தானா ராத்தா நகரம் சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே தாப்பாவில் நாம் வியர்த்துக் கொண்டிருக்கும் நேரத்தில், அங்கே எட்டு அல்லது ஒன்பது பாகை வெப்பம் குறைவாக இருக்கும். நம் ரப்பர் மரத்திற்கு இக்குளிர் ஒவ்வாது. தேயிலை, முட்டைக்கோசு, ஸ்டிராபெரி, பூவகைகள் ஆகியவற்றிற்கோ இக்குளிரே உயிர்.

விருந்தினர் பெருகினால் விடுதிகளும் கடைகளும் பெருகும். பலருக்கு வேலை கிடைக்கும். இது நன்மையே. ஆயினும், நாள் வாடகைக்கு விடப்படும் வீடு, மாத வாடகை வீட்டைவிட அதிக வருவாய் தரக்கூடியது. வீட்டுரிமையாளர் பலரும் அவ்வழியையே நாடினால், அவ்வூரில் உழைத்து வாழும் குடும்பத்திற்குக் குறைந்த வாடகையில் வீடு கிடைப்பது அரிதாகும். விருந்தினரின் அறையைக் கூட்டித் துடைப்பவர் தமக்கென ஓர் அறை தேடி அலையும் நிலை ஏற்படலாகாது.

இதனினும் பெரிய கேள்வி மண்ணைப் பற்றியது. சரிவான நிலத்தில் ரப்பர் கன்று நடும்போது படிகள் வெட்டுவதும், இடையில் மூடுபயிர் வளர்ப்பதும் எதற்காக? மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாதிருப்பதற்காகவே. இவ்வுண்மையைத் தோட்டத்தில் வேலை செய்யும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மலையிலும் நியதி அதுவே. காய்கறித் தோட்டத்திற்காகவும் கட்டடத்திற்காகவும் முறையின்றிக் காட்டை அழித்தால், மண் ஆற்றில் இறங்குகிறது. ஆறு ஆழம் குன்றுகிறது.

ரிங்லெட்டில் மின்சார உற்பத்திக்காக 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை இதற்குச் சான்று. அதன் நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்து, நீர் கொள்ளும் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. 2013 அக்டோபரில் பெருமழையால் அணை நிரம்பியது. நீரைத் திறந்துவிட நேர்ந்தபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளை அழித்தது, உயிர்களும் பலியாயின. அடுத்த ஆண்டு நவம்பரில் ரிங்லெட் பகுதியில் சேற்றுவெள்ளம் மீண்டும் உயிர்களைக் கொண்டு சென்றது. மேட்டில் ஒருவர் செய்யும் தவறுக்குப் பள்ளத்தில் வாழ்பவர் விலை கொடுக்கிறார் என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

விருந்தினராய்ச் செல்லும் நமக்கும் கடமைகள் உண்டு. அவற்றுள் சில:

பெருமழைக் காலத்தில் பயணத்தைத் தள்ளிப் போடுவது நன்று. மலைச்சாலையில் மண் சரிவு ஏற்படக்கூடும். புறப்படுமுன் வானிலை அறிவிப்பைக் கேட்டறிக.

தங்கும் வீட்டை முன்கூட்டியே உறுதி செய்க. முன்பின் அறியாதவர் தொலைபேசியில் காட்டும் படத்தை மட்டும் நம்பி முன்பணம் அனுப்பற்க. இல்லாத வீட்டைக் காட்டிப் பணம் பறிப்போர் உளர். ஏமாற்றப்பட்டு வங்கி வழியே பணம் அனுப்பியவர்கள், காலந்தாழ்த்தாமல் 997 என்னும் எண்ணுக்கு அழைத்துத் தெரிவிக்க வேண்டும்.

விடுதிகளில் வசூலிக்கப்படும் சுற்றுலா வரி வெளிநாட்டினருக்கு உரியது. மலேசியக் குடிமக்கள் அதனைச் செலுத்த வேண்டியதில்லை. அடையாள அட்டையை உடன் கொண்டு செல்க.

காட்டுச் செடிகளையும் பூக்களையும் பறித்து வரலாகாது. குப்பையை ஓடையில் எறியலாகாது. அந்த ஓடை நீரையே கீழேயுள்ள மக்களும் பயன்படுத்துகின்றனர்.

தேயிலைச் சரிவில் படமெடுக்கும்போது, அது பிறர் உழைத்துப் பிழைக்கும் இடம் என்பதை மறவாதிருப்போமாக. நாம் வெட்டும் மரத்தின் பட்டையைப் பொழுதுபோக்குக்காக வந்தவர் கீறினால் நம் மனம் பொறுக்குமா? அவர்களுக்கும் அவ்வாறே.

மலைநகரம் அங்கு வாழ்வோருக்கு வீடு. நமக்குச் சில நாள் நிழல். நிழலில் இளைப்பாற வந்தவர் மரத்தைக் காத்தல் முறையன்றோ? உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு தேவை. அவ்வோய்வைப் பிறருக்குத் தீங்கின்றிப் பெறுவோம். நம் பிள்ளைகளின் பிள்ளைகளும் அக்குளிரை அனுபவிக்க வழி செய்வோம்.