மூலையில் நின்ற கிட்டார் ஏன் முனகியது?

எங்கள் வீட்டில் கிட்டார் வாசிக்கத் தெரிந்தவர் நானா ஒருவர்தான். 2022 இல் வேலை கிடைத்து அவர் கட்டாருக்குப் போனபோது, அது உம்மும்மாவின் அறையில் சமையலறைச் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டது. கட்டாருக்குப் போனவர் கிட்டாரை விட்டுவிட்டுப் போனார் என்று வாப்பா பகிடி விட்டார். உம்மா சிரிக்கவில்லை. வாரம் ஒரு முறை அதைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைப்பார்.

சில மாதங்கள் சென்ற பின் ஒரு நாள் காலை, உம்மும்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "மகள், அது ராவைக்கு முனகுது."

நான் நம்பவில்லை. அன்றிரவு அவருடன் படுத்தேன். பதினொரு மணியிருக்கும். வீடு அடங்கிவிட்டது. மூலையிலிருந்து "ம்ம்ம்" என்று ஒரு தாழ்ந்த ஓசை எழுந்து, சில நிமிடங்கள் நீடித்து, தேய்ந்து மறைந்தது. கிட்டாருக்குப் பக்கத்தில் யாருமில்லை. உம்மும்மா ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டிருந்தார். எனக்கும் மேனி சிலிர்த்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

விடயம் சாச்சா வரை போயிற்று. வெள்ளிக்கிழமை வந்து கிட்டாரை எடுத்துப்போய் யாருக்காவது விற்றுவிடுவதாகச் சொன்னார். உம்மும்மாவின் நித்திரை முக்கியம்தான், ஆனால் நானாவின் பொருளென்று வீட்டில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். உம்மா எதுவும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். எனக்கு நான்கு நாள் அவகாசம் இருந்தது.

அந்த நேரத்தில் உதவிக்கு வந்தது மின்வெட்டு! அந்த ஆண்டு மின்வெட்டால் நாம் பட்டபாடு எல்லோருக்கும் தெரியும். செவ்வாய் இரவு கரண்ட் இல்லாத நேரம் முழுவதும் கிட்டார் வாய் திறக்கவில்லை. கரண்ட் வந்ததும் முதலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த பழைய பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. அடுத்த கணமே இந்தப் பக்கம் கிட்டார் முனகியது. பிரிட்ஜ் ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது, ஆனால் உடனே அல்ல, ஓரிரு விநாடிகள் தாமதித்து. அந்தத் தாமதத்தைக் கேட்டதும்தான் உயர்தர பௌதிகவியல் வகுப்பில் படித்த ஒரு சொல் ஞாபகத்துக்கு வந்தது: பரிவு.

பேச்சுத் தமிழில் பரிவு என்றால் பிறர் துன்பத்துக்கு இரங்குதல். பௌதிகவியலில் அது வேறொன்று. ஒவ்வொரு பொருளுக்கும் தான் விரும்பி அதிரும் ஒரு வேகம் உண்டு. அது இயற்கை மீடிறன். வெளியிலிருந்து வரும் அதிர்வின் மீடிறன் அதனோடு பொருந்தினால், அது எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அப்பொருள் பெரிதாக அதிரத் தொடங்கும். ஊஞ்சலில் தங்கையை ஆட்டும்போது நாம் பலமாகத் தள்ளுவதில்லை. அது திரும்பிப் போகும் சரியான கணத்தில் விரலால் தொட்டாலே போதும். கலிலியோ 1638 இல் வெளிவந்த தமது நூலில் இதையே சொல்கிறார்: பாரமான ஊசலைக்கூட வாயால் ஊதி ஊதியே ஆட்டிவிடலாம், ஊதும் நேரம் பொருந்தினால். ஓர் இழை ஒலித்தால் தொடாத இன்னோர் இழையும் ஒலிப்பதற்கு அவர் கொடுத்த விளக்கமும் இதுதான்.

நமது நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று மாறும் மின்னோட்டம். ஒரு சுற்றில் மோட்டரின் காந்தம் இரண்டு தடவை இழுப்பதால், பிரிட்ஜின் உறுமல் 100 ஹேட்ஸில் இருக்கும். கிட்டாரின் ஆறு கம்பிகளும் சுருதி சரியாக இருக்கும்போது, தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஏறத்தாழ 82, 110, 147, 196, 247, 330 ஹேட்ஸில் அதிர வேண்டும். இந்த வரிசையில் 100 இல்லையே! அங்கேதான் நான் ஒரு நாள் முழுக்கத் தடுமாறினேன்.

விடை எளியது. கம்பிகள் அந்தச் சுருதியில் இல்லை. நானா போனதிலிருந்து யாரும் முறுக்காணியைத் தொடவில்லை. தொலைபேசியில் சுருதி பார்க்கும் செயலி ஒன்றை இறக்கி ஒவ்வொரு கம்பியையும் மீட்டிப் பார்த்தேன். 110 இல் நிற்க வேண்டிய ஐந்தாம் கம்பி தளர்ந்து தளர்ந்து 100 க்கு வந்திருந்தது. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்று சுரமானிப் பரிசோதனையில் படிக்கிறோமல்லவா? அதன்படி பார்த்தால் கம்பியின் இழுவை சுமார் 17 சதவீதம் குறைந்திருக்கிறது. பரீட்சைக்கு வெளியே அந்தச் சமன்பாட்டை நான் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்தேன். கூரைபோல மடித்த சின்னக் கடதாசித் துண்டை ஐந்தாம் கம்பியின் நடுவில் ஏற்றி வைத்தேன். பிரிட்ஜ் தொடங்கியது, கடதாசி துள்ளி விழுந்தது. மற்றக் கம்பிகளில் வைத்த துண்டுகள் அசையவில்லை. கம்பியை விரலால் தொட்டேன், முனகல் நின்றது. பிறகு முறுக்காணியைத் திருகி 110 க்கு ஏற்றினேன். பிரிட்ஜ் எவ்வளவு உறுமியும் கிட்டார் மௌனம். திரும்பவும் தளர்த்தினேன், மீண்டும் முனகல். இப்படி மூன்று தடவை. மூன்றாம் தடவை உம்மும்மாவைக் கட்டிலில் இருந்து எழுப்பி அவர் கையாலேயே முறுக்காணியைத் திருக வைத்தேன்.

"அப்ப பிரிட்ஜா கூப்பிடுற?" என்றார்.

"ஓம், உம்மும்மா. இது பதில் சொல்லுது."

சாச்சாவுக்கு உம்மாவே அழைப்பெடுத்து, வர வேண்டாம் என்றார்.

ஒரு கேள்வி மிச்சம். சுவருக்கு அப்பாலுள்ள ஓசை கம்பிக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? கம்பி மிக மெல்லியது; காற்று அதைத் தாண்டி வழுக்கிப் போய்விடும். காற்றின் அசைவை வாங்குவது கிட்டாரின் அகன்ற மேற்பலகை. அது குதிரை வழியாகக் கம்பிக்கு அதிர்வைக் கொடுக்கிறது. வாசிக்கும்போது கம்பியிலிருந்து பலகைக்கும் பலகையிலிருந்து காற்றுக்கும் போகும் பாதைதான் இது. இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. அது மட்டுமல்ல, பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒரு சொந்த மீடிறன் உண்டு. பெரும்பாலான கிட்டார்களில் அது 100 ஹேட்ஸை அண்டியே இருக்கும். சுவரில் சாய்ந்திருந்ததால் சுவரின் நடுக்கமும் சேர்ந்துகொண்டது. பிரிட்ஜுக்கு இதைவிட வசதியான அயலவர் கிடைக்காது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்து, எது எதற்குப் பதில் சொல்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். களுபோவில ஆஸ்பத்திரிக்கு விரையும் அம்புலன்ஸ் வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றின் ஓசை ஏறி இறங்கிக்கொண்டே போவதால், ஒரு கம்பிக்குத் தேவையான மீடிறனில் அது தங்கும் நேரம் மிகக் குறைவு. ஊஞ்சலை ஓரிரு தரம் தொட்டுவிட்டு ஓடிவிடுவது போலத்தான்.

பாண் வண்டி அப்படியல்ல. 'சூன் பாண்' முச்சக்கரவண்டி எழுப்பும் மெட்டு பீத்தோவன் 1810 இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்' என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த மெட்டின் தொடக்கத்தில் ஈ, டி ஷார்ப் என்ற இரண்டு சுரங்கள் மாறி மாறி வரும். எங்கள் ஒழுங்கைக்குக் காலையில் வரும் வண்டியின் ஈ சுரம் 660 ஹேட்ஸ் அளவில் இருந்தது. அது கிட்டாரின் முதலாம் கம்பியின் மீடிறனைப்போல இரண்டு மடங்கு. ஒரு கம்பி தன் அடிப்படை மீடிறனில் மட்டுமல்ல, அதன் இரு மடங்கு, மும்மடங்கிலும் அதிரக்கூடியது. இரு மடங்கில் அதிரும்போது அது இரண்டு துண்டாகப் பிரிந்து ஆடும். நடுப்புள்ளி அசையாமல் கணுவாக நிற்கும். ஜன்னலருகே கிட்டாரைக் கிடத்தி, நடுவில் ஒன்றும் கால் பங்குத் தூரத்தில் ஒன்றுமாக இரண்டு கடதாசித் துண்டுகள் வைத்தேன். பாண் வண்டி வாசலில் நின்றபோது கால் பங்கில் இருந்தது நடுங்கியது. நடுவில் இருந்தது அப்படியே இருந்தது. நான் போட்ட கூச்சலில் உம்மா கிம்புலா பணிஸ் வாங்க மறந்துபோனார்.

மாலையில் வரும் இன்னொரு வண்டியும் இதே மெட்டைத்தான் எழுப்பும். ஆனால் அதன் பெட்டி 640 அளவில், சற்றுத் தாழ்ந்து பாடுகிறது. அதற்குக் கடதாசி அசையவே இல்லை. மூன்று சதவீதம் விலகினாலே கம்பிக்குக் காது கேட்பதில்லை.

காலை வண்டியின் டி ஷார்ப்புக்கும் எந்தக் கம்பியும் பதில் சொல்லவில்லை. ஆறு கம்பிகளின் மடங்குகளையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட அதன் அருகில் வரவில்லை. கிட்டாரின் இந்தக் குறையை எனக்கு வெகு காலம் முன்பே ஒருவர் கவனித்திருக்கிறார். ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் நார்சிஸோ யெப்பெஸ், சில சுரங்களுக்கு மட்டும் மற்றக் கம்பிகள் துணைக்கு வருவதும் சிலவற்றுக்கு வராததும் நியாயமில்லை என்று கருதி, ஹோசே ராமிரேஸ் என்ற கைவினைஞரைக் கொண்டு பத்துக் கம்பிக் கிட்டார் ஒன்றைச் செய்வித்து 1964 முதல் மேடையில் வாசித்தார். கூடுதலான நான்கு கம்பிகளின் முக்கிய வேலை பரிவதுதான். அவற்றில் ஒன்றான ஜி ஷார்ப் கம்பி, டி ஷார்ப்புக்கும் பதில் சொல்லும்.

நமது அயலில் இது புதிதல்ல. சித்தாரில் மெட்டுகளுக்கு அடியில் பத்துப் பன்னிரண்டு கம்பிகள் ஒளிந்திருக்கும். சாரங்கியில் முப்பதுக்கு மேல். விரலும் வில்லும் மேலுள்ள கம்பிகளில் நடக்க, கீழே உள்ளவை தாமாக ஒலித்து ஓசைக்கு ஒரு நிழல் கொடுக்கின்றன. கம்பிக்கொரு சுரமாக வைத்து மீட்டிய நமது பழைய யாழிலும் தொடாத நரம்புகள் இப்படித்தான் கூடவே அதிர்ந்திருக்க வேண்டும். அந்த யாழைக் கணக்கின் துணையோடு மீட்டெடுக்க முயன்று 1947 இல் 'யாழ்நூல்' வெளியிட்ட காரைதீவு விபுலாநந்த அடிகள், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் படிக்கும் எங்களுக்குத் தமிழ்ச் சஞ்சிகையில் என்ன வேலை என்று கேட்கும் தோழிகளுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டிலேயே பார்க்க விரும்புவோர் கிட்டாரை மடியில் கிடத்தி, தடித்த ஆறாம் கம்பியைப் பலமாக மீட்டி உடனே உள்ளங்கையால் அதை மட்டும் நிறுத்துங்கள். மெல்லிய முதலாம் கம்பி பாடிக்கொண்டிருக்கும். அதன் 330, ஆறாம் கம்பியின் 82 போல நான்கு மடங்கு. கிட்டாரை ஒதுக்கி வைப்பவர்கள் கம்பிகளுக்கு அடியில் ஒரு துணியைச் செருகிவிட்டால் இரவில் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் துணி வைக்க உம்மும்மா விடுவதில்லை. காலையில் பாண் வண்டியின் ஓசை சந்தியில் கேட்டதும் கிட்டாரின் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். போன கிழமை நானா அழைப்பெடுத்தபோது, ஐந்தாம் கம்பி இறங்கியிருக்கிறது, வந்தால் முதல் வேலையாக அதை முறுக்கிவிடு என்று அவருக்குச் சொன்னதும் உம்மும்மாதான்.